ஐயா வீட்டுப் பெட்டியில் ஐந்து பாட்டில்: வாசகர் கேள்வி பதில்

இரண்டு மாதத்துக்கு முன்னால் பழைய போர்ட் ஒயினைப் பற்றி, அதாவது ஸ்பிரிட் சேர்த்துச் செய்யும் போர்ச்சுகல் நாட்டு இனிப்பு ஒயினைப் பற்றி, போகிற போக்கில் நாலு வரி எழுதினேன், அவ்வளவுதான். அதற்கப்புறம் வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றியே, அதிலும் முக்கால்வாசிப் பேர் 'பெயர் வேண்டாம்' என்று அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறார்கள். நம் பக்கத்தில் பழைய பாட்டில் இல்லாத பெரிய வீடு குறைவு, அதை ஒப்புக்கொள்கிற வீடு அதைவிடக் குறைவு. சரி, ஊர்ப் பெயர் மட்டும் போடுகிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் லண்டனில் ஓர் ஒயின் வியாபாரியின் கிடங்கில் 22 வருஷம் வேலை பார்த்தவன். முதலில் பெட்டி தூக்கினேன், அப்புறம் கணக்கு எழுதினேன், கடைசி சில வருஷம் ருசி பார்க்கவும் விட்டார்கள். இப்போது காரைக்குடியில் இருக்கிறேன், கிடைத்தால் காபிதான்.

அண்ணே, வணக்கம். பாகம் பிரிப்பதற்காக எங்கள் ஐயா வீட்டில் இரண்டாங்கட்டு சாமான் அறையைத் திறந்தோம். பித்தளை அண்டாக்களுக்குப் பின்னால் வைக்கோல் போட்ட தேக்குப் பெட்டியில் ஐந்து பாட்டில், கறுத்த கண்ணாடி, வாயில் அரக்கு. மூன்றில் லேபிளே இல்லை. இரண்டில் ராமபாணப்பூச்சி தின்றது போக போர்ட் என்பதும் 1945 என்பதும் தெரிகிறது. ஜப்பான்காரன் வந்தபோது 1942-ல் ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்தது என்று அப்பத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். தம்பி லட்சக்கணக்கில் போகும் என்கிறான், சித்தப்பா கிணற்றடியில் கொட்டச் சொல்கிறார். நல்லதா கெட்டதா என்று எப்படிப் பார்ப்பது?
*ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்*

ஆச்சி, முதலில் ஐந்தொகையைச் சரிபார்ப்போம். லேபிளில் இருக்கும் 1945 திராட்சை பறித்த வருஷம். வின்டேஜ் போர்ட் என்பது ஒரே வருஷத்துத் திராட்சையில், அதுவும் கம்பெனிக்காரர்கள் 'இந்த வருஷம் நன்றாக இருக்கிறது' என்று அறிவித்தால் மட்டும் செய்வது. பத்து வருஷத்தில் மூன்று தடவை அப்படி அறிவித்தால் அதிகம். மரப் பீப்பாயில் ஏறக்குறைய இரண்டு வருஷம் வைத்து, வடிகட்டாமல் பாட்டிலில் அடைப்பார்கள். அப்படியென்றால் உங்கள் பாட்டில் அடைபட்டதே 1947 வாக்கில். 1942-ல் ரங்கூனிலிருந்து கிளம்பியவர் கையில் அது இருந்திருக்க முடியாது. கொழும்பு வழியாகவோ பினாங்கு வழியாகவோ பின்னால் வந்திருக்கும் என்பது என் ஊகம், அதிலும் 1948 அக்டோபரில் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்துவிட்டதால், அதற்கப்புறம் வந்திருந்தால் யாரோ பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துத்தான் கொண்டுவந்திருக்க வேண்டும். லேபிள் இல்லாத மூன்றைப் பற்றி இப்போதைக்கு ஒன்றும் சொல்ல முடியாது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், பழைய போர்ட்டைப் பார்க்கும்போது வீட்டில் சொல்லும் கதையையும் பாட்டில் சொல்லும் கதையையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

பாட்டிலைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் இனி வேண்டாம். கண்ணாடியில் ஒரு பக்கம் வெள்ளைப் பெயின்ட் தீற்றியிருக்கிறதா பாருங்கள், யாரோ சுண்ணாம்பைச் சிந்தியது மாதிரி இருக்கும். அது சிந்தியது இல்லை. பாட்டிலைப் படுக்க வைக்கும்போது எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பதற்கான அடையாளம். வடிகட்டாத ஒயின் என்பதால் வருஷம் ஆக ஆக நிறமும் துவர்ப்பும் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து அடியில் படியும், ஆற்றில் வண்டல் படிவது மாதிரி. அந்தப் படிவு ஒரே பக்கமாக, ஓடு மாதிரி ஒட்டியிருந்தால் பாட்டில் இத்தனை காலமும் அசையாமல் படுத்திருக்கிறது என்று அர்த்தம், நல்ல சகுனம். படிவு அடிப்பகுதியில் குவிந்திருந்தால் நிறுத்தியே வைத்திருக்கிறார்கள், கார்க் காய்ந்திருக்கும்.

அடுத்தது மட்டம். பாட்டிலை நிமிர்த்தி, ஒயின் எதுவரை நிற்கிறது என்று பாருங்கள். ஊறுகாய் ஜாடியில் எண்ணெய் மட்டம் இறங்கிவிட்டால் நம் ஆச்சிமார்கள் முகம் மாறுமே, அதே விஷயம்தான். கழுத்துக்குள் நின்றால் பிரமாதம். கழுத்து முடிகிற இடத்தில் நின்றால் இந்த வயசுக்கு ரொம்ப நல்லது. தோளின், அதாவது கழுத்துக்குக் கீழே பாட்டில் விரிகிற வளைவின், மேல்பக்கம் என்றால் எழுபது வருஷத்துப் பாட்டிலுக்கு அது குறையே இல்லை. நடுத்தோளுக்கு வந்தால் சந்தேகம், தோளுக்குக் கீழே போனால் உள்ளே போன காற்றுக்குத்தான் அந்த இடம். இருபது வருஷத்துப் பாட்டிலில் இதே நடுத்தோள் என்றால் நான் வாங்கவே மாட்டேன். மட்டத்தை எப்போதும் வயசோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அரக்கைச் சுற்றி விரலை ஓட்டிப் பாருங்கள். பிசுபிசுவென்று, காய்ந்த பாகு மாதிரி ஒட்டினால் கசிந்திருக்கிறது. கார்க் மேலே துருத்திக்கொண்டு வந்திருந்தால் வெப்பத்தில் உள்ளே இருந்தது விரிந்து தள்ளியிருக்கிறது, எனக்கு மற்ற எதையும்விட இதுதான் பயம். அப்புறம் இருட்டறையில் கழுத்துக்குப் பின்னால் மொபைல் டார்ச்சைப் பிடியுங்கள். கறுப்புக் கண்ணாடி என்றாலும் கழுத்துப் பக்கம் கொஞ்சம் வெளிச்சம் விடும். மாதுளைச் சிவப்பு ஒரு கோடாவது தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பு மட்டும், அதுவும் கலங்கலாக என்றால் கஷ்டம். லேபிள் இல்லாத மூன்றுக்கு இன்னொரு வழி உண்டு: நல்ல கம்பெனிகள் கார்க்கிலேயே தங்கள் பெயரையும் வருஷத்தையும் சூடு போட்டு அச்சிடுவார்கள். கழுத்துக்குள் கார்க்கின் பக்கவாட்டில் சில சமயம் வெளியிலிருந்தே படிக்கலாம், இல்லையென்றால் திறக்கும்போது தெரியும்.

இதெல்லாம் ஒரு பக்கம். உங்கள் விஷயத்தில் எனக்கு மனசு அடித்துக்கொள்வது வெயிலை நினைத்துத்தான். போர்ட் தூங்க வேண்டிய இடம் 12, 13 டிகிரி. நம் வீட்டுச் சுவர் எத்தனை அடி கனம் என்றாலும், வளவில் தண்ணீர் தெளித்தாலும், சாமான் அறை சித்திரையில் 30-ஐத் தொடாமல் இருக்காது. சூடு பத்து டிகிரி கூடினால் உள்ளே நடக்கும் மாற்றம் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும் என்பது பொதுக் கணக்கு. எழுபதுக்கு மேற்பட்ட அக்னி நட்சத்திரத்தைப் பார்த்த பாட்டில் அது. சாதாரண சிவப்பு ஒயினாக இருந்தால் உங்கள் சித்தப்பா பக்கம் பேசியிருப்பேன். போர்ட்டுக்கு ஏன் கொஞ்சம் நம்பிக்கை என்றால், திராட்சைச் சாறு பாதி புளிக்கும்போதே 77 சதவீதத் திராட்சை ஸ்பிரிட்டை ஊற்றி நிறுத்திவிடுவார்கள், அதனால் இனிப்பு அப்படியே நிற்கும், சாராயம் 20 சதவீதம் வரும். சர்க்கரையும் ஸ்பிரிட்டும் துவர்ப்பும் சேர்ந்து காவல் இருப்பதால் மற்ற ஒயின் செத்துப்போகிற இடத்தில் இது மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.

(உங்கள் பெட்டியில் இருந்தது போர்ச்சுகலின் மதீராத் தீவிலிருந்து வரும் மதீரா ஒயினாக இருந்திருந்தால் நான் பஸ் பிடித்தே வந்திருப்பேன். மதீராவை வேண்டுமென்றே சூட்டில் வைத்துத்தான் பக்குவம் பண்ணுவார்கள். அந்தக் காலத்தில் பீப்பாயைக் கப்பலில் ஏற்றி இந்தியா வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தார்கள், வெயிலுக்காகவே. செட்டிநாட்டு வெயில் அதற்குத் திருப்பதி.)

லட்சத்துக்குப் போகுமா என்றால் போகாது. வாங்குகிறவன் கேட்கும் முதல் கேள்வி, இது எங்கே படுத்திருந்தது என்பதுதான். கானாடுகாத்தான் சாமான் அறை என்றால் போனை வைத்துவிடுவான். அதோடு உரிமம் இல்லாமல் மது விற்பது இங்கே குற்றம், தம்பியிடம் சொல்லிவையுங்கள். கொட்டவும் வேண்டாம். மட்டம் ரொம்ப இறங்கிய ஒன்றை முதலில் திறங்கள். அதை வைத்து மற்ற நாலையும் எடை போடாதீர்கள், கார்க் எப்படி இருக்கிறது என்று பழகத்தான் அது. ஒரே பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் படுத்த பாட்டில்களே இந்த வயசில் அண்ணன் தம்பி மாதிரி ஆளுக்கொரு திசையில் போயிருக்கும். ஒன்றே ஒன்று: அரக்கு உடைந்து திரும்ப ஒட்டின மாதிரி இருந்தால் வாயில் வைக்காதீர்கள். பழைய ஒயின் கெட்டால் புளிக்கும், அவ்வளவுதான். பழைய பாட்டிலில் பின்னால் யாரோ ஊற்றி வைத்த பாலிஷ் எண்ணெய் அப்படி இல்லை.

என்னிடம் உள்ள போர்ட் வெளிறி, தேன் கலந்த டீ நிறத்தில் இருக்கிறது. கெட்டுவிட்டதா? லேபிளில் 20 வருஷம் என்று போட்டிருக்கிறது.
*பெயர் வேண்டாம், தேவகோட்டை*

கெடவில்லை, அது டானி. போர்ட்டில் இரண்டு குடும்பம் இருக்கிறது, இதைக் குழப்பிக்கொண்டால் எதையும் எடை போட முடியாது. வின்டேஜ் பாட்டிலுக்குள் வயசாவது. டானி பீப்பாயிலேயே வயசாகி, மரத்தின் வழியே காற்றுப் பட்டுப் பட்டு நிறம் இறங்கி, வறுத்த முந்திரி, பாதாம், ஆரஞ்சுத் தோல் வாசனையோடு வரும். 10, 20, 30, 40 என்று லேபிளில் போடுவது அந்த ரகத்தின் வயசுக் கணக்கு, திராட்சை பறித்த வருஷம் இல்லை. ஒரே வருஷத்து டானியும் உண்டு, அதற்குக் கொல்ஹெய்ட்டா என்று பெயர், குறைந்தது 7 வருஷம் பீப்பாயில் இருக்க வேண்டும். அதில் வருஷம் போட்டிருப்பதைப் பார்த்து வின்டேஜ் என்று ஏமாறுகிறவர்கள் நிறைய. முந்திரி வாசனை டானிக்கு அழகு. அதே வாசனை வின்டேஜில் தூக்கலாக வந்தால், காற்று உள்ளே போய்விட்டதோ என்று நான் மறுபடியும் கார்க்கைப் பார்ப்பேன். உங்களுடையது பாட்டிலில் இனி மேலே ஏறாது, வைத்திருப்பதில் லாபம் இல்லை.

முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் பார்க்கப் போனபோது ஒருவர் 1931 போர்ட் என்று சீல் உடையாத பாட்டில் காட்டினார். 1931 என்றால் பெரிய விஷயம் என்று இணையத்தில் படித்தேன். வாங்கலாமா?
*ஒரு வாசகர், காரைக்குடி*

தம்பி, அந்தத் தெருவில் ஜப்பான் எனாமல் தூக்குப்போசி வாங்குங்கள், பழைய பீங்கான் ஜாடி வாங்குங்கள், அது கண்ணால் பார்த்து வாங்குகிற பொருள். நிறைந்த பாட்டிலைத் திறக்காமல் விலை கொடுப்பது வேறு சூதாட்டம், அதுவும் உரிமம் இல்லாத இடத்தில்.

1931 கதை நல்ல கதை. அந்த வருஷம் போர்ட்டின் பிறப்பிடமான போர்ச்சுகலின் டூரோ பள்ளத்தாக்கில் திராட்சை அருமையாக விளைந்தும் பெரும்பாலான கம்பெனிகள் வின்டேஜ் அறிவிக்கவில்லை. 1927-ல் அறிவித்த சரக்கே கிடங்கில் தேங்கிக் கிடந்தது, உலகம் முழுக்க மந்தம், வாங்க ஆள் இல்லை. நம் நகரத்தாருக்கு இந்த மந்தத்தைப் பற்றிச் சொல்லித் தர வேண்டாம். அதே சமயம்தான் பர்மாவில் நெல் விலை விழுந்து, கொடுத்த கடன் திரும்பாமல் ஈட்டுக்கு நிலமாகக் கைக்கு வந்து, 1930-களின் கடைசியில் கீழ்ப் பர்மா நெல் நிலத்தில் கால் பங்கு வரை நம்மவர்கள் பேரில் இருந்தது, யாரும் ஆசைப்பட்டு வாங்கியதில்லை. அந்த மந்தத்தில் 1931-ஐ அறிவித்த ஒருசிலரில் கிண்டா டோ நோவால் ஒன்று. அதிலும் ஒட்டுப் போடாத கொடிகள் நிற்கும் சின்னத் துண்டு நிலத்திலிருந்து வரும் நாசியோனால் என்ற ஒயின்தான் இன்றைக்கும் எல்லாரும் பேசுகிற 1931. அதாவது அருமை என்று நீங்கள் படித்தது ஒன்றிரண்டு பாட்டிலைப் பற்றி, '1931' என்று எழுதியிருக்கும் எல்லாவற்றையும் பற்றி இல்லை.

வருஷம் என்பது கோத்திரம் மாதிரி, சம்பந்தம் பேச உதவும், மாப்பிள்ளை எப்படி என்று சொல்லாது. 1945, 1948, 1955, 1963, 1970, 1977, 1985, 1994 எல்லாம் நல்ல பெயர் எடுத்தவை. 1975 சீக்கிரமே தளர்ந்துபோன வருஷம். ஆனால் நன்றாகத் தூங்கிய 1975 சூட்டில் வெந்த 1963-ஐ ஜெயிக்கும், நானே பார்த்திருக்கிறேன். இங்கிலாந்தில் ஒரு சின்ன ஏலத்தில் 1955 இரண்டு பாட்டில் எடுத்தேன், சொந்தக் காசு. மட்டம் அருமை, லேபிள் கல்யாணப் பத்திரிகை மாதிரி சுத்தம். கார்க் அரை விரல்கடை மேலே வந்திருந்ததைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன், ஆசைதான். திறந்தால் அடிப்பிடித்த ஜாம் வாசனை. பின்னால் விசாரித்ததில் வெந்நீர் பாய்லருக்கு மேல் அலமாரியில் இருந்ததாம், இருபது வருஷம். இரண்டாவதும் அதேதான்.

கடைக்காரர் காட்டினதில் சீல் புதுசாகப் பளபளக்கிறதா, பேப்பர் மட்டும் பழசாக, கண்ணாடியில் கீறலே இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். 1970-களின் நடுப்பகுதி வரை போர்ட் பீப்பாயிலேயே இங்கிலாந்து போய் அங்கே வியாபாரிகள் அடைப்பது சகஜம், ஆகவே ஒரே ஒயின் பல விதமான பாட்டிலில், பல லேபிளில் இருக்கும். அது போலி என்று அர்த்தமில்லை. ஆனால் போலி செய்கிறவனுக்கும் அது வசதி.

கார்க் தூளாகிப் போகிறது. எப்படித் திறப்பது, எவ்வளவு நேரம் முன்னால் ஊற்றி வைப்பது?
*பெயர் வேண்டாம், பள்ளத்தூர்*

இரண்டு நாள் முன்னாலேயே நிமிர்த்தி வைத்துவிடுங்கள், வண்டல் இறங்கட்டும். நீளமான திருகு உள்ள ஓப்பனர் வேண்டும், பழைய போர்ட் கார்க் நீளம், சின்னத் திருகு பாதியில் பிய்த்துக்கொண்டு வரும். கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே நுழைக்கிற இரட்டைத் தகடு கிடைத்தால் இன்னும் நல்லது. போர்ச்சுகலில் இடுக்கியைச் சிவக்கக் காய்ச்சி கழுத்தைப் பிடித்து, உடனே ஈரத்துணியை வைத்துக் கழுத்தையே வெட்டி எடுப்பார்கள். பார்க்க அழகு, நீங்கள் செய்யாதீர்கள். கார்க் உடைந்து விழுந்தால் குடி முழுகிவிடாது, வெளுத்த பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால் போகிறது, சோப்பு வாசனை இல்லாத துணியாக மட்டும் இருக்கட்டும். ஈயத் தகடு மூடியிருந்தால் வாயை ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு ஊற்றுங்கள்.

ஊற்றும்போது ஒரே மூச்சில், பாட்டிலை நிமிர்த்தாமல், கழுத்துக்குக் கீழே டார்ச்சையோ மெழுகுவத்தியையோ வைத்துக்கொண்டு, வண்டல் கோடாக வரத் தொடங்கும் அந்த நொடியில் நிறுத்துங்கள். இளசு என்றால் பல மணி நேரம் காற்றாடலாம். நாற்பது ஐம்பது வருஷத்துக்கு ஒன்று இரண்டு மணி நேரம் போதும். அதற்கு மேல் வயசானது என்றால் பக்கத்தில் உட்கார்ந்து கால் மணிக்கு ஒருதரம் மோந்து பார்ப்பதுதான் வழி.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். திறந்தவுடன் வரும் வாசனையை நம்பாதீர்கள். பல வருஷம் பூட்டிய அறையைத் திறந்தால் முதலில் அடிக்குமே, அந்த மக்கல் நெடி, அது போய்விடும். போகாத மக்கல் வேறு: மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை அரை மணி கழித்தும் அதே மாதிரி, அல்லது கூடுதலாக அடித்தால் கார்க்கால் கெட்டது, காப்பாற்ற முடியாது. நகப்பாலிஷ் நெடி மூக்கைக் குத்தினால் காடியாகப் போய்க்கொண்டிருக்கிறது. பழைய போர்ட்டில் இது லேசாக இருந்தால் நான் மன்னிப்பேன், என் முதலாளி மன்னிக்க மாட்டார். நல்லதாக இருந்தால் உலர்ந்த அத்தி, திராட்சை, கருப்பட்டி, கிராம்பு, அதிமதுரம், கொஞ்சம் புகையிலை என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும். ஒரே வாசனை மட்டும் வந்தால், அது எவ்வளவு இனிமையாக இருந்தாலும், நடுத்தரம்தான்.

வாயில் வைத்தபின் நான் பார்ப்பது முக்கியமாக ஒன்று: ஸ்பிரிட் தனியாக எரிகிறதா? பழச்சுவை இருக்கும் வரை அது ஸ்பிரிட்டை மூடி வைத்திருக்கும், சதை எலும்பை மூடுவது மாதிரி. பழம் வற்றிப்போனால் தொண்டையில் சூடு மட்டும் தனியாக நிற்கும். அப்புறம், விழுங்கியபின் சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது. பெரிய போர்ட் என்றால் நீங்கள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாலும் நாக்கில் இருக்கும்.

கோவாவில் வாங்கிய போர்ட் ஒயினை 30 வருஷம் வைத்தால் வின்டேஜ் ஆகுமா?
*ஒரு வாசகர், புதுவயல்*

ஆகாது. பழைய கோவா ஒயின் ஆகும்.

என் மகள் 2011-ல் பிறந்தாள், அந்த வருஷத்து வின்டேஜ் போர்ட் ஆறு பாட்டில் இங்கே வாங்கி வைத்திருக்கிறேன். ஊரில் எங்கள் வீட்டு நிலவறை மாதிரியான அறையில் வைக்கலாமா?
*ஒரு வாசகர், சிங்கப்பூர்*

2011 நல்ல தேர்வு, ஏறக்குறைய எல்லாக் கம்பெனியும் அறிவித்த வருஷம். பிள்ளை பிறந்த வருஷத்துப் போர்ட்டை வாங்கி வைப்பது இங்கிலீஷ்காரர்களின் பழைய வழக்கம், வசதியானவர்கள் ஒரு பீப்பாய் அளவே வைப்பார்கள், அது 500 லிட்டருக்கு மேல். ஊருக்குக் கொண்டுவராதீர்கள். அரைத்த சுண்ணாம்புப் பூச்சும் ஆத்தங்குடிக் கல்லும் நமக்குத்தான் குளிர்ச்சி, போர்ட்டுக்குப் போதாது. கூடவே கரன்ட் போகும், சுங்கக் கணக்கு வேறு. அங்கேயே குளிரூட்டிய கிடங்கில் வாடகைக்கு இடம் தருகிறார்கள், படுக்க வையுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், பின்னால் அந்த ரசீதுக்கே மதிப்பு. மகள் கல்யாணத்துக்குத் திறந்தால் இன்னும் இளசாகத்தான் இருக்கும். இரண்டு அப்போது திறங்கள், மிச்சம் நாலை அவள் பிள்ளைகள் பெரியவர்களாகும்போது அவளே பார்த்துக்கொள்ளட்டும்.

குடும்பப் பத்திரிகையில் சாராய விஷயம் எழுத வெட்கமாக இல்லையா?
*பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம்*

கொஞ்சம் இருக்கிறது. ஆனால் உங்கள் உறையில் தபால் முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறது, அதே ஊரிலிருந்து மூன்று பேர் கார்க் திறப்பது எப்படி என்று கேட்டிருக்கிறார்கள்.

அண்ணே, நீங்கள் தபாலில் அனுப்பிய பதில் கிடைத்தது. லேபிள் இல்லாததில் மட்டம் இறங்கிய ஒன்றை, சீல் சரியாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு, இரண்டு நாள் நிறுத்தி வைத்துத் திறந்தோம். கார்க் மூன்று துண்டாக வந்தது. ஒரு துண்டில் எழுத்து எல்லாம் அழிந்து 27 என்ற எண் மட்டும் தெரிகிறது. நிறம் வெளிறிய டீ, ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு. முதலில் பூட்டிய அறை வாசனை, அரை மணி கழித்துக் கருப்பட்டியும் காய்ந்த அத்திப்பழமும். இனிப்பு இருந்தது, ஆனால் சட்டென்று நின்றுவிட்டது, பின்னாலேயே தொண்டை சுட்டது. கொட்டச் சொன்ன சித்தப்பாதான் இரண்டாவது தடவை கேட்டார்.
*அதே ஆச்சி, கானாடுகாத்தான்*

இந்தப் பக்கம் அச்சுக்குப் போகும் முன்னால் வந்த கடிதம், அதனால் சேர்த்துவிட்டேன். ஆச்சி, நீங்கள் எழுதியிருப்பதைவிடச் சரியாக என்னால் அதை எடை போட்டிருக்க முடியாது. ஓரத்துச் சிவப்பும் அத்திப்பழமும் உயிர் இருந்தது என்கின்றன. இனிப்பு சட்டென்று நின்று தொண்டை சுட்டது, பழம் வற்றிவிட்டது என்கிறது. மட்டம் இறங்கிய பாட்டிலுக்கு, நம் வெயிலுக்கு, இது நான் எதிர்பார்த்ததைவிட நல்ல பலன்.

அந்த 27 தான் என்னைத் தூங்க விடவில்லை. 1927 என்றால் பெரிய வருஷம், ஏகப்பட்ட கம்பெனிகள் அறிவித்தது, 1929 வாக்கில் பாட்டிலில் அடைபட்டிருக்கும், ரங்கூனில் வாங்கி 1942-ல் கொண்டுவர எல்லா வாய்ப்பும் உண்டு. லேபிள் இல்லாத மூன்றும் முதலில் வந்தவை, 1945 இரண்டும் பின்னால் அதே பெட்டியில் சேர்ந்தவை என்றால் அப்பத்தா சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. அவர்கள் இல்லாத நேரத்தில் அவர்கள் கணக்கைத் தப்பென்று எழுதியது என் அவசரம். 27 மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது, வேறு ஏதாவது எண்ணின் வாலாகவும் இருக்கலாம். அந்தக் கார்க் துண்டை ஈரம் போகக் காய வைத்து, சாய்வான வெளிச்சத்தில் நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். மீதி இரண்டு லேபிள் இல்லாததையும் சித்திரை பிறப்பதற்குள் திறந்துவிடுங்கள், சித்தப்பாவை முதல் பந்தியில் உட்கார வைத்து.